கண்ணாடியும் அடுப்பும்: பெருந்தொற்றுக் காலத்து வடசென்னை வழிபாடு

வடசென்னையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துறைமுகம், இருப்புப்பாதை, ஆலை ஆகிய மூன்றையும் கொண்டே எழுதிச் சென்றுள்ளனர். அது பிழையன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். எண்ணூரில் அனல்மின் நிலையம் எழுந்ததும், திருவொற்றியூரிலும் மணலியிலும் தொழிற்சாலைகள் பெருகியதும் இப்பகுதி மக்களின் வாழ்வையே மாற்றியமைத்தன. ஆயினும் இக்கடற்கரைக்கு அவற்றினும் பழமையான வரலாறு ஒன்று உண்டு. மூவர் தேவாரமும் பெற்ற திருவொற்றியூர், இராயப்பரின் பெயரைத் தாங்கி நிற்கும் இராயபுரம், அங்குள்ள பார்சியரின் தீக்கோயில், தெருக்கள்தோறும் பள்ளிவாசல்கள், குப்பங்கள்தோறும் அம்மன் கோயில்கள் எனச் சமயங்கள் பலவும் தோளுரசி வாழும் நிலம் இது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதிக்குள் இவை அனைத்தின் கதவுகளும் மக்களுக்கு அடைபட்டன. போர்க்காலத்திலும் புயற்காலத்திலும் மக்கள் ஓடி ஒதுங்கிய இடங்கள் அவை. நோய்க்காலத்தில் அவ்விடங்களே ஒதுங்கி நிற்க வேண்டியவையாயின. வழிபாடு கைப்பேசிக்குள் புகுந்தது. அவ்வாறு புகுந்தவை எவை, புக இயலாது வெளியே நின்றவை எவை என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காண்டலும் காணாமையும்

திருவொற்றியூரோடு தொடர்புடைய பழைய வரலாறுகளில் இறைக்காட்சி எளிதில் கிட்டும் பொருளாக அமையவில்லை. சேக்கிழார் கூறும் சுந்தரர் வரலாறு இதற்கு முதற்சான்றாகும். திரையிட்ட மண்டபத்துள் அமர்ந்து இறைவனுக்கு மலர் தொடுத்த சங்கிலியாரைக் கண்டு சுந்தரர் மணக்க விழைகிறார். பிரியமாட்டேன் என்று கோயிலில் சூளுரைக்கவும் உடன்படுகிறார். சூளுரைக்கும் பொழுது கருவறையை விட்டு நீங்கி மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனிடமே வேண்டிக்கொள்கிறார். இறைவனோ, மகிழின் கீழேயே சூளுரைக்கச் செய்யுமாறு சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்திவிடுகிறார். இடம் மாறியும் சொல் கட்டுப்படுத்தியது. பின்னர்ச் சூளுறவை மீறி ஊரெல்லையைக் கடந்த சுந்தரர் இருகண்ணும் இழக்கிறார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெறும்வரை அவர் காணாமலே பாடினார் என்பது புராணம் தரும் செய்தி. மாசிப் பெருவிழாவில் நிகழும் மகிழடிச் சேவை இன்றும் இதனை நினைவூட்டி வருகிறது.

இக்கோயிலின் மூலவரான ஆதிபுரீசுவரரும் ஆண்டு முழுவதும் கவசத்துள்ளேயே இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில் மட்டுமே கவசம் திறக்கப்பட்டுப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படும். எஞ்சிய நாட்களில் கவசத்தைக் கண்டே வணங்கிச் செல்வது ஒற்றியூர் மக்களுக்குத் தலைமுறைப் பழக்கம். மறைந்திருப்பதைக் கும்பிடுவது அவர்களுக்குப் புதிதன்று.

இவ்வகையில் நினைக்கத்தக்க மற்றொருவர் வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823-1874). சென்னையில் வாழ்ந்த நாளில் ஏழுகிணற்றுப் பகுதியிலிருந்து ஒற்றியூருக்கு நடந்தே வந்து வழிபட்டவர் அவர். வடிவுடை மாணிக்கமாலை இவ்வூர் அம்மை மீது அவர் பாடியது. இளமையில் வீட்டு மேல்மாடி அறையில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, அதன்முன் விளக்கேற்றி வழிபட்டு, அக்கண்ணாடியிலேயே தணிகை முருகனின் காட்சியைப் பெற்றார் என்பது அவர் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. கோயிலுக்குச் செல்லாமல் வீட்டறையில், ஒளி பட்ட ஒரு கண்ணாடிப் பரப்பில் இறைவனைக் காண்டல் என்னும் கருத்து, கைப்பேசி தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நகரின் வடபகுதியில் வேர்கொண்டிருந்தது எனலாம்.

அதே வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அணையா அடுப்பையும் மூட்டினார். கண்ணாடியில் காட்சி பெற்றவர் அதனோடு அமையவில்லை. பசித்தவர்க்கு அடுப்பு வேண்டும் என்றார். கண்ணாடி காண்பதற்கு, அடுப்பு உண்பிப்பதற்கு. பெருந்தொற்றுக் காலத்தில் வடசென்னை வழிபாடு பட்ட பாட்டை விளங்கிக்கொள்ள இவ்விரண்டும் நல்ல அளவுகோல்களாக அமைகின்றன.

அடைபட்ட கதவுகள்

2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் மாசி மகம் கழிந்து மூன்று வாரம் ஆகுமுன்னரே ஊரடங்கு வந்துவிட்டது. மார்ச் 22இல் மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழக அரசின் தடையாணை. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் முடக்கம். சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் இராயபுரம் மண்டலம் ஏப்ரல், மே மாதங்களில் தொற்று மிகுந்தவற்றுள் முன்னின்றது. நெருங்கிய குடியிருப்புகளும், ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளும், அன்றாடம் வெளியே சென்றாலன்றி அடுப்பெரியாத தொழில்களும் அதற்குக் காரணமாயின. ஜூன் 19 முதல் சென்னையில் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. இராயப்பர் திருநாளாகிய ஜூன் 29 அம்முழு ஊரடங்கினுள்ளேயே கழிந்தது.

வடசென்னையில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம் ஒன்று உண்டு. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் காலையில் மேலூர்த் திருவுடையம்மனையும், நண்பகலில் ஒற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசித்து வருவர். பேருந்து நெரிசலும் வெயிலும் கைக்குழந்தையும் சேர்ந்ததே அந்த வழிபாடு. 2020ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அவ்வாறு கூடிவந்த நாளாகும். அன்று மூன்று கோயில்களிலும் அடியார்க்கு அனுமதியில்லை. மூன்று அம்மையரின் படங்களையும் அடுத்தடுத்துத் திரையில் காண ஒரு நிமிடம் போதும். ஆனால் மூன்று ஊர்களுக்கு இடையே நடந்தும் நின்றும் கழியும் அந்தப் பகற்பொழுதை எந்தத் திரையும் தர இயலவில்லை.

கதவுகள் திறந்த முறையும் வரலாற்றில் குறிக்கத்தக்கது. மாநகராட்சிப் பகுதிகளில் ஆண்டு வருவாய் 10,000 ரூபாய்க்கும் குறைந்த சிறு வழிபாட்டிடங்கள் 2020 ஆகஸ்ட் 10 முதல் திறக்கப்படலாம் என அரசு ஆணையிட்டது. பெருங்கோயில்கள் செப்டம்பர் 1ஆம் நாள் வரை காத்திருந்தன. உண்டியல் நிறையாத தெருமுனைத் தெய்வங்களுக்கு முதல் அனுமதி கிடைத்தது இந்நாட்டில் அரிய நிகழ்ச்சியே. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 26இல் மீண்டும் அடைத்து ஜூலை 5இல் திறந்தனர். பின்னர் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் மட்டும் மூடும் விதி வந்து, அக்டோபர் நடுவில் நீங்கியது. மும்மதத்தாருக்கும் உரிய வழிபாட்டு நாட்கள் அம்மூன்றே என்பதால் அவ்விதி எவரையும் விட்டுவைக்கவில்லை. 2022 ஜனவரியில் மறுபடியும் அதே விதி வந்து அம்மாத இறுதியில் நீங்கியது.

திரைக்கு வந்தவை

கண்ணுக்கும் செவிக்கும் உரியவை திரைக்கு எளிதில் வந்து சேர்ந்தன. இதற்குத் தமிழகத்தில் பெரும் எடுத்துக்காட்டு, 2020 மே 4ஆம் நாள் நடந்த மதுரை மீனாட்சி திருக்கல்யாணமாகும். சித்திரைப் பெருவிழா நிறுத்தப்பட்ட அவ்வாண்டில் திருக்கல்யாணத்தை மட்டும் பட்டர் சிலர் நடத்த, இணைய வழியே அது நேரலையாக ஒளிபரப்பாயிற்று. கோயிலில் கூடி நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் அவ்வாண்டு வீட்டிலிருந்தவாறே மாற்றிக்கொண்டனர். மதுரைக்குச் செல்ல வாய்ப்பே பெறாத வடசென்னைப் பெண்களும் அன்று மணவீட்டார் ஆயினர் என்பதை மறுப்பதற்கில்லை. தொலைவு என்னும் குறையை நீக்கியது திரை செய்த நன்மை.

கிறித்தவரிடையே இம்மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. 2020 மார்ச் 27 மாலையில் போப்பாண்டவர் பிரான்சிசு, மழை பெய்துகொண்டிருந்த உரோமைப் புனித பேதுரு சதுக்கத்தில் தன்னந்தனியாக நின்று ஆசி வழங்கிய காட்சியை உலகமே கண்டது. அதே பேதுருவைத்தான் தமிழர் இராயப்பர் என்றனர். படகுத் தொழிலாளர் சமூகத்தார் எழுப்பிய இராயபுரத்துத் திருக்கோயிலும் அவர் பெயரையே தாங்கியது. ஏப்ரல் 10இல் வந்த பெரிய வெள்ளியையும் 12இல் வந்த உயிர்ப்புப் பெருவிழாவையும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் கண்டு நிறைவேற்றின. வீட்டின் நடுவில் மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து முழந்தாளிட்டனர். வெள்ளைத்துணி பீடத்திற்கு உரியது. அதனை மேசைக்கு விரித்தபோது வீடே கோயிலாயிற்று.

செவிவழி வழிபாடு வடசென்னைக்குப் பழகிய ஒன்றே. 1938இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கியபின் வந்த பக்திப் பாடல்களும், ஆடி மாதத்தில் கூம்பு ஒலிபெருக்கிகளில் முழங்கும் எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாடல்களும், நாகூர் அனிபாவின் கணீரென்ற குரலும் கோயில் வாசலையும் பள்ளிவாசல் முற்றத்தையும் கடந்து வீட்டுக்குள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. வாட்ஸ்அப்பில் வந்த தேவாரமும் செபமாலையும் பயானும் அவ்வழியிலேயே வந்தவை. பள்ளிவாசல்களில் பாங்கொலி நிற்கவில்லை. ஆனால் அந்த அழைப்பைக் கேட்டு எழுந்தவர் வீட்டிலேயே தொழ வேண்டியவராயினர்.

திரை ஏற்காதவை

இங்குத்தான் கண்ணாடிக்கும் அடுப்புக்கும் உள்ள வேறுபாடு புலனாகிறது. இசுலாத்தில் சொற்பொழிவு திரையில் வரலாம். ஆனால் திரையில் தோன்றும் இமாமைப் பின்பற்றிக் கூட்டுத்தொழுகை நிறைவேற்றுதல் கூடாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோர் தீர்ப்பு. தோளோடு தோள் சேர நிற்பதே அணி. எனவே ஜும்ஆவுக்கு மாற்றாக வீட்டில் லுஹர் தொழுதனர். ஏப்ரல் 25இல் தொடங்கிய நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் முற்றத்துக் கஞ்சிப் பானைகள் ஏறவில்லை. கஞ்சிக்கென அரசு வழங்கும் பச்சரிசி, தமிழகத்தின் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் என ஒதுக்கப்பட்டு, சமைக்கப்படாமல் அரிசியாகவே வீடுகளுக்குச் சென்றது. மதம் பாராது தூக்குவாளியுடன் மாலையில் வரிசையில் நிற்கும் சிறுவர் கூட்டத்தை அவ்வாண்டு தெருக்கள் காணவில்லை. ஹஜ்ஜும் அவ்வாறே ஆயிற்று. 2019இல் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் கூடிய மக்காவில் 2020இல் ஆயிரம் பேர் அளவிலேயே அனுமதிக்கப்பட்டனர்.

கத்தோலிக்கத் திருச்சபையும் திரையில் திருப்பலி காண்பதை ஏற்றதேயன்றி, திரைவழி நற்கருணை பெறலாம் என்று கூறவில்லை. ஆன்மிக முறையில் உட்கொள்ளும் செபமே அதற்கு ஈடாகச் சொல்லப்பட்டது. பெரிய வியாழனன்று குரு பன்னிருவர் பாதங்களைக் கழுவும் சடங்கு அவ்வாண்டு உலகெங்கும் கைவிடப்பட்டது. பாதத்தைத் திரையில் கழுவ இயலாது.

குப்பங்களில் ஆடிக்கூழ் அவ்வாறே நின்றது. கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் அம்மனுக்குப் படைத்து, வந்தார்க்கெல்லாம் வார்ப்பது மீனவர் தெருக்களில் வழிபாட்டின் முடிவு அன்று, அதுவே வழிபாடு. 2020 ஆடியில் பல வீடுகள் தத்தம் வாசலுக்குள்ளேயே சிறு பானை வைத்து அம்மனுக்குப் படைத்தன. வார்க்கக் கூழ் இருந்தது. ஏந்த வருவார் இலர்.

இராயபுரத்தின் பார்சித் தீக்கோயில் இதற்கு மற்றொரு சான்று. 1910இல் நிறுவப்பட்ட ஜால் பிரோஜ் கிளப்வாலா தார்-ஏ-மெஹர் தமிழகத்தில் உள்ள ஒரே பார்சித் தீக்கோயிலாகும். நாளின் ஐந்து பொழுதிலும் குருவானவர் தம் கையால் விறகிட்டு ஓம்ப வேண்டிய தீ அது. பிற சமயத்தார் காண அனுமதியில்லாத அத்தீயைத் திரையில் காட்டுதற்கும் இடமில்லை. காண்பாரினும் காப்பாரையே அச்சமயம் முதன்மையாகக் கொள்கிறது.

பாடலின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. 2020 ஜூன் 4இல் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், வழிபாட்டிடங்களில் சிலைகளைத் தொடலாகாது, பிரசாதம் வழங்கலாகாது, தீர்த்தம் தெளிக்கலாகாது, பாடகர் குழுக்கள் பாடலாகாது என்றன; பதிவு செய்யப்பட்ட பாடல்களை ஒலிக்கலாம் என்றன. நோயறிவின்படி அது தக்க விதியே. எனினும் மூவர் பாடிய ஊரில், நேர்நின்று பாடும் குரலைவிடப் பதிவுக் குரலே பாதுகாப்பானது என்று எண்ண நேர்ந்த காலத்தைப் பாவலர் எவரும் எளிதில் கடந்துபோக இயலாது. அந்நாட்களில் கவியரங்கங்களும் திரைக்கு வந்தன. சொல் வந்தது, சொல்லின் முன் எழும் கைதட்டல் வரவில்லை.

யாவற்றினும் கொடியது இறுதிக்கடன். இறப்புக்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. நோயால் இறந்தாரின் முகத்தைக் குடும்பத்தார் முழுமையாகக் காணவும் இயலவில்லை. காசிமேட்டுக் கல்லறைக்கும் சுடுகாடுகளுக்கும் தொலைவிலிருந்த மக்கள் கைப்பேசி வழியாகவே வந்தனர். வாய்க்கரிசி இடும் கையும், ஒரு பிடி மண் இடும் கையும் திரைக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. அந்நாட்களில் முஸ்லிம் தொண்டர் அமைப்புகள் சாதி சமயம் பாராது, அவரவர் முறைப்படி உடல்களை அடக்கம் செய்தும் எரியூட்டியும் உதவியது தமிழக வரலாற்றில் பொறிக்கத்தக்க செயலாகும். தொட அஞ்சிய காலத்தில் தொட்டவர்கள் அவர்கள்.

திரைக்கு வெளியே நின்றோர்

வழிபாடு இணையத்திற்கு மாறியது என்று பொதுவாகக் கூறுவதில் ஒரு குறை உண்டு. அது எல்லாருக்கும் மாறவில்லை. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அதில் பிள்ளையின் பள்ளிப்பாடம். அக்கைப்பேசி தொழிலுக்குச் செல்லும் தகப்பனோடு வெளியே சென்றுவிட்டால் பாட்டிக்குத் திருப்பலியும் இல்லை, தீபாராதனையும் இல்லை. எழுத்தறியாத முதியோர்க்குக் கோயில் திறந்த ஏடு. தூணும் மணியும் தீபமும் அவர்கள் கற்ற எழுத்துகள். கோயில் அடைபட்டபோது அவர்களுக்கு அந்த ஏடும் மூடியது.

வழிபாட்டைத் தொழிலாகக் கொண்டோர் நிலையும் இத்தகையதே. பூக்கட்டுவோர், தேங்காய்க் கடையினர், நாகசுரமும் தவிலும் இசைப்போர், தட்டில் விழும் காசை நம்பிய அர்ச்சகரும் பூசாரியும் வருவாயின்றித் தவித்தனர். சுந்தரர் காலம் தொட்டு மலர் தொடுப்பதைத் தொண்டாகப் போற்றிய ஊரில் மலர் தொடுத்த கைகள் மாதக்கணக்கில் சும்மா இருந்தன. தமிழகத்தில் நிலையான மாதச் சம்பளமின்றிக் கோயிற்பணி செய்வோர் ஏறத்தாழ 14,000 பேருக்குத் தலா 4,000 ரூபாயும், 10 கிலோ அரிசியும், 15 வகை மளிகைப் பொருளும் வழங்கும் திட்டத்தை 2021 ஜூனில் அரசு தொடங்கியது. முதல் ஊரடங்கு வந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது. திரையில் தோன்றிய தீபாராதனையில் இவர்களுள் பெரும்பாலோர் காணப்படவே இல்லை.

ஈண்டு இராயபுரத்தின் பழைய வரலாறொன்றை நினைத்தல் தகும். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியக்காரர் சத்திரமே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்தாயிற்று. வடசென்னையின் முதியோர் நாவில் அதன் பெயர் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி. 2020இலும் 2021இலும் பெருந்தொற்று நோயாளரை ஏற்றுக் காத்த மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. கஞ்சியில் தொடங்கிய அறம் மருந்தாகித் தொடர்ந்தது. ஊரடங்கு நாட்களில் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு சோற்றுப் பொட்டலம் கொண்டு சென்றதும் அதன் தொடர்ச்சியே. கோயில், பள்ளிவாசல், திருக்கோயில் ஆகிய மூன்றின் கதவுகளும் மூடியிருந்த நாளில் வள்ளலாரின் அடுப்பு தெருவில் எரிந்தது எனலாம்.

கல்லில் நின்றதும் காற்றில் கரைவதும்

திருவொற்றியூர்க் கோயிலில் பல்லவ அபராசிதன், இராட்டிரகூடக் கன்னரதேவன், சோழ மன்னர் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன. கோயில்களில் ஒரு நந்தாவிளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி அக்காலக் கல்வெட்டுகளில் பலகாலும் வருவது. ஆட்டின் எண்ணிக்கை முதல் கொடுத்தார் பெயர் வரை கல் காத்து வைத்துள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு முன் எரிந்த விளக்கின் கணக்கு இன்று கிடைக்கிறது. ஆனால் 2020இல் வடசென்னை வீடுகளில், சுவரில் சாய்த்த கைப்பேசியின் முன் ஏற்றப்பட்ட விளக்குகளின் கணக்கு எங்கும் இல்லை. அந்நேரலைகள் பலவும் அழிந்துவிட்டன. கைப்பேசி மாற்றியபோது குரற்செய்திகளும் மறைந்தன. அவ்வாண்டுகளை வாழ்ந்த முதியோரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

திரை என்னும் சொல்லுக்குத் தமிழில் அலை என்பதும் பொருள். மறைக்கும் சீலை என்பதும் பொருள். இன்று ஒளிரும் கண்ணாடிப் பரப்பும் அதன் பொருளாயிற்று. கடலின் திரையை நாள்தோறும் காணும் இம்மக்கள் பெருந்தொற்றுக் காலத்தில் ஏனைய இரண்டையும் ஒருங்கே கண்டனர். காட்டியதும் திரையே, மறைத்ததும் திரையே. அது காட்டியவற்றுக்குச் சான்று ஓரளவேனும் கிட்டும். மறைத்தவற்றுக்கு அவற்றை இழந்தாரின் வாய்ச்சொல்லே சான்று. வார்க்கப்படாத கூழையும், கழுவப்படாத பாதத்தையும், இடப்படாத வாய்க்கரிசியையும் எந்த ஆவணக்காப்பகமும் தானே வந்து பதிவு செய்யப் போவதில்லை.

ஆதலின் இலக்கிய வட்டங்கள் ஆற்ற வேண்டிய பணி ஒன்று காத்திருக்கிறது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஒற்றியூரிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் உள்ள முதியோரிடம் சென்று, அந்நாட்களில் அவர்கள் எவ்வாறு வழிபட்டனர், எதற்காக ஏங்கினர் என்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பாவலர்க்கு அது பாடுபொருளாகும்; ஆய்வாளர்க்கு அது மூலச்சான்றாகும். காணாமலே பாடிய ஒருவரின் நினைவைச் சுமக்கும் ஊர் இது. காணாமலே வழிபட்ட மக்களின் நினைவையும் இவ்வூர் சுமக்கும். எழுதி வைப்பார் வேண்டும்.